மலையேறிப் பெண் பார்த்த ரத்தினம்மா

ரத்தினம்மா பெண் பார்க்க வருகிறாள் என்றால் பெண் வீட்டில் அடுப்பு நேராக எரியாது என்று சிராங்கூன் ரோட்டில் ஒரு பேச்சு உண்டு. அவள் பஃப்ளோ ரோட்டில் மாவு மில் வைத்திருந்தாள். வருஷக்கணக்காக மிளகாயும் மல்லியும் அரைத்ததில் அவள் நாக்கிலும் கொஞ்சம் காரம் ஏறியிருந்தது. அந்த வட்டாரத்தில் யார் வீட்டுப் பையனுக்குப் பெண் பார்க்கப் போனாலும், தாய்மாமன் வருகிறாரோ இல்லையோ, ரத்தினம்மா வந்தாக வேண்டும். பாயில் உட்கார்ந்து வெற்றிலை மடிப்பதற்குள், பின்னலில் பாதி சவுரி என்பதும், கழுத்துச் சங்கிலி இரவல் என்பதும், 'பொண்ணே கிண்டினது' என்று வைத்த கேசரி கடைச் சரக்கு என்பதும் அவளுக்குத் தெரிந்துவிடும். தண்ணீர் கேட்டு நடையைப் பார்ப்பாள். ஊசியில் நூல் கோக்கச் சொல்லிக் கண்ணைப் பார்ப்பாள். ஒரு பாட்டுப் பாடச் சொல்லிவிட்டு, பாட்டைக் கேட்காமல் பல்வரிசையைப் பார்ப்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே பிள்ளை, தங்கராஜு. டெலிபோன் இலாகாவில் வேலை. எறும்பு கடித்தால்கூட எறும்பிடம் மன்னிப்புக் கேட்கிற சாது. மலேசியா என்ற நாடு இன்னும் வெறும் பேச்சாகவே இருந்த அந்த வருஷத்தில், அந்தச் சாது ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே குண்டைப் போட்டான்.

"அம்மா, எனக்கு ஒரு பொண்ணப் புடிச்சிருக்கு. பேரு குணவதி. டீச்சரா இருக்காங்க."

"எந்தத் தெருவுல?"

"இங்க இல்லம்மா. புக்கிட் பாஞ்சாங் பக்கம். யாழ்ப்பாணத்துக்காரங்க."

ரத்தினம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

யாழ்ப்பாணத்தார் என்றால் ஆபீஸ் உத்தியோகம், பியானோ, இங்கிலீஷ், மாவு மில்காரியைக் கண்டால் லேசாகச் சுளிக்கிற மூக்கு என்பது அவள் எண்ணம். அவர்களில் ஒருவரோடும் அவள் பத்து வார்த்தை பேசியதில்லை. அதனால் எண்ணம் அப்பழுக்கில்லாமல் அப்படியே இருந்தது. பெண்ணை எங்கே பார்த்தாய் என்று கேட்டதற்கு வந்த பதில் அதைவிட மோசம். ஞாயிற்றுக்கிழமை நடைக் கழகம் என்று ஒன்று இருக்கிறதாம். மாதம் ஒரு தரம் காட்டுக்குள் போய் மரம், பறவை, குரங்கு எல்லாம் பார்ப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமை மனிதன் கோயிலுக்குப் போவான், ஆட்டிறைச்சி வாங்குவான். காலும் காசும் கெட்டுக் குரங்கைப் பார்க்க எவனாவது போவானா?

"நீங்க ஒரு தடவ பாருங்கம்மா. பாத்துட்டு வேண்டாம்னு சொல்லிட்டா அந்தப் பேச்சையே நான் எடுக்க மாட்டேன்" என்றான் தங்கராஜு. சொன்னால் சொன்னபடி நடப்பவன். அதுதான் அவனிடம் உள்ள கஷ்டமே.

சரி, பார்த்துவிடுவோம் என்று ரத்தினம்மா பெண் பார்க்கும் அரக்குப் பட்டை எடுத்து வெயிலில் போட்டாள். ஆனால் பெண் வீட்டிலிருந்து வந்த சேதி வேறு மாதிரி இருந்தது. எங்கள் பிள்ளை காப்பித் தட்டு ஏந்தி நிற்காது. வருகிற ஞாயிறு கழகம் புக்கிட் தீமா காட்டுக்குப் போகிறது. அம்மாவும் வந்து, ஆசை தீரப் பார்த்துக்கொள்ளட்டும்.

"காட்டுக்கா? வர்றேன்லா!" என்றாள் ரத்தினம்மா. "காட்டுக்குள்ள வந்தா எனக்குக் கண்ணு அவிஞ்சா போயிடும்?"

போவது, கையும் களவுமாக ஒரு குறையைப் பிடிப்பது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவது. இதுதான் அவள் திட்டம். உள்ளே இருந்தது பயம். அந்த வீட்டு மருமகனாகப் பிள்ளை அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டால், மில்லும் அவளும் தனியாக உருண்டுகொண்டிருக்க வேண்டும். அதை யாரிடமும் சொல்ல முடியாததால் யாழ்ப்பாணத்தின்மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை, புக்கிட் தீமா ரோட்டுக் கால்வாய் ஓரமாகப் பஸ் ஓடியது. அரக்குப் பட்டு, தலை நிறைய மல்லிகை, அட்டிகை, புதுச் செருப்பு, மடியில் நாலடுக்கு டிபன் கேரியர் என்று ரத்தினம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தோட்டங்களும் அத்தாப்பு ஓலைக் குடிசைகளும் வந்து, பிறகு அவையும் குறைந்து, தூரத்தில் பச்சையாக ஒரு மேடு எழும்பியதும் அவள் கேரியரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"புலி கிலி இருக்காடா?"

"கடைசிப் புலியச் சுட்டு முப்பது வருஷம் ஆச்சும்மா."

"கடைசின்னு யார் சொன்னா, அந்தப் புலியா?"

ஏழாவது மைலில் இறங்கினார்கள். கழகத்தார் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் நடுவிலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். சிலுவார் என்கிற நீளக் கால்சட்டை போட்டிருந்தாள். ஆண்பிள்ளைச் சட்டை. காலில் கித்தான் சப்பாத்து. பின்னலைச் சுருட்டித் தலையில் குத்தியிருந்தாள். பொட்டுத் தங்கம் இல்லை. இரவல் நகை என்று கண்டுபிடிக்கக்கூட வழி வைக்கவில்லை.

"வாங்கோ அம்மா. கன நேரமாப் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்" என்றாள். "நான் குணவதி. இவர் என்ர மாமா, கந்தப்பு."

மாமா ஒல்லியாக, தொப்பி வைத்து, கழுத்தில் பைனாகுலர் தொங்க நின்றார். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிளார்க். தகப்பன் இல்லாத மருமகளை வளர்த்தவர். கைகூப்பினார். சிரிக்கவில்லை.

சிலுவார் ஒரு குறை என்று ரத்தினம்மா மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். இன்னும் ஒன்று கிடைத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம்.

காட்டில் பெண் பார்ப்பதில் என்ன கஷ்டம் என்றால், பெண் ஓரிடத்தில் நிற்கமாட்டாள். வீட்டில் என்றால் சமையலறையிலிருந்து பாய்வரைக்கும் நடை. அதைப் பார்த்தே ரத்தினம்மா சாதகம் எழுதிவிடுவாள். இங்கே பெண் நடந்தாள், நடந்தாள், நடந்துகொண்டே இருந்தாள். பின்னாலேயே மூச்சு வாங்க ஏறியதில் ரத்தினம்மா கண்டதெல்லாம் ஒரு முதுகும் இரண்டு குதிகாலும்தான். வெயில் ஒரு பொட்டுகூட விழவில்லை. அண்ணாந்தால் கழுத்து வலிக்கிற அளவுக்கு மரங்கள். எங்கேயோ ஒரு பறவை, கதவுக் கீல் கிறீச்சிடுகிற மாதிரி கத்தியது. பிரம்பு முள் ஒன்று முந்தானையைப் பிடித்து இழுத்துவைத்துக்கொண்டது. பட்டுக் கிழியாமல் அதை எடுத்துவிட மூன்று பேர் வேண்டியிருந்தது.

போதாதற்குப் புதுச் செருப்பின் வாரும் அறுந்தது.

"இருங்கோ" என்று குணவதி தன் பையைத் திறந்து ஒரு ஜோடி கித்தான் சப்பாத்தை எடுத்தாள். "போட்டுப் பாருங்கோ."

"வேணாம்மா. நான் வெறுங்காலோட தீமிதிச்சவ."

"நெருப்பில அட்டை இருக்காது அம்மா. இங்க இருக்கு."

ரத்தினம்மா மறுபேச்சில்லாமல் காலை நீட்டினாள். சப்பாத்து அளவெடுத்தாற்போல் பொருந்தியது. அளவு யார் சொன்னது என்று திரும்பினால், தங்கராஜு தீவிரமாக ஒரு மரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தான். முன்யோசனை உள்ள பெண் என்று ஒரு நினைப்பு வந்தது. குறை தேட வந்த இடத்தில் நிறையா என்று அவள் அதை உடனே அடக்கினாள். பட்டுப்புடவைக்குக் கீழே வெள்ளைச் சப்பாத்தோடு, திருவிழாவில் கால் மாறி வந்த சாமி மாதிரி மேலே ஏறினாள்.

கந்தப்பு அவளுக்குப் பின்னாலேயே வந்தார். பேச்சுக் குறைவு. பேசினால் கேள்வி.

"முழங்கால் நோகுதோ?"

"இல்லீங்க."

"மூச்சு வாங்குதே. நெஞ்சு வருத்தம் ஏதும் இருக்கோ?"

"மலைன்னா மூச்சு வாங்கத்தானே செய்யும்? உங்களுக்கு வாங்கல?"

"கோவம் வாறது எப்பவும் இப்பிடித்தானோ?" என்று அமைதியாகக் கேட்டுவிட்டு, பைனாகுலரைக் கண்ணில் வைத்து ஒரு கிளையைப் பார்த்தார்.

என்ன மனுஷன் இவன் என்று ரத்தினம்மாவுக்கு எரிந்தது.

உச்சியில் கொஞ்சம் வெட்டவெளி. ஒரு கொட்டகை இருந்தது. கீழே காடு, அதற்கப்பால் பச்சைத் தண்ணீராக நீர்த்தேக்கம், அதற்கும் அப்பால் ஊர் தூசியாகத் தெரிந்தது. ஆளுக்கொரு பொட்டலத்தைப் பிரித்தார்கள். ரொட்டி, அவித்த முட்டை, பிஸ்கோத்து. மனிதர்கள் இவ்வளவு தூரம் மலையேறி வந்து காய்ந்த ரொட்டியைக் கடிப்பதைப் பார்க்க ரத்தினம்மாவுக்குச் சகிக்கவில்லை. டிபன் கேரியரைத் திறந்தாள். புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், மசால் வடை, தயிர்ச்சோறு. திறந்த கையோடு, இதுவும் ஒரு பரீட்சைதானே என்று, கரண்டியைக் குணவதி பக்கம் நீட்டினாள். பரிமாறுகிற கையைப் பார்த்தால் கஞ்சமா ஊதாரியா என்று தெரிந்துபோகும்.

"எல்லாருக்கும் எடுத்துப் போடும்மா."

"இங்க அவரவர் எடுத்துச் சாப்பிடுறதுதான் வழக்கம் அம்மா" என்றாள் குணவதி. கரண்டியை வாங்கி, நடுவில் பாத்திரத்திலேயே வைத்துவிட்டாள்.

இரண்டாவது குறை கிடைத்துவிட்டது. ஆனால் அதை ரசிக்க நேரமில்லை. கழகத்துப் பையன்கள் வெட்கப்பட்டுக்கொண்டு ஆளுக்கு ஒரு பருக்கை எடுத்தார்கள். ரத்தினம்மாவுக்குப் பொறுக்குமா? முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். வாழையிலைத் துண்டுகளை விரித்து, வேண்டாம் வேண்டாம் என்றவர்களுக்கு இரண்டு மடங்காக, ஒருவர் விடாமல் பரிமாறினாள். ஆக, பெண்ணும் பெண்ணின் மாமாவும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, பாத்திரம் ஏந்தி நின்றது மாப்பிள்ளையின் தாயார். அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

கந்தப்பு ஒரு வாய் சாப்பிட்டார். மெதுவாக மென்றார்.

"இது ஆர் சமைச்சது? கடையில வாங்கினதோ?"

"கடையா? விடியுமுன்ன எந்திரிச்சு என் கையால செஞ்சதுங்க!"

"ஓ. நல்லாத்தான் இருக்கு. உறைப்புத்தான் கொஞ்சம் காணாது."

மிளகாய் அரைத்துப் பிழைக்கிறவளிடம் காரம் போதவில்லை என்றார் அவர். ரத்தினம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, பிள்ளை முகத்துக்காகப் பொறுத்தாள். அதோடு விட்டாரா? தயிர்ச்சோற்றை வழித்துக்கொண்டே, "அம்மா பாட்டுப் படிப்பீங்களோ?" என்றார்.

"எதுக்குங்க?"

"சும்மா கேட்டனான்."

குணவதி குனிந்து இலையை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் லேசாகக் குலுங்கிய மாதிரி இருந்தது.

இறங்கும்போது வேறு வழியாகப் போனார்கள். ஒற்றையடிப் பாதை. முன்னால் போன குணவதி சட்டென்று நின்று, உதட்டில் விரல் வைத்தாள். எதிரே இருந்த பெரிய மரத்தைக் காட்டினாள்.

"குபுங்" என்றாள் மெதுவாக. மலாய்க்காரர்கள் வைத்த பெயராம். பூனை அளவு இருக்குமாம். கைக்கும் காலுக்கும் நடுவே தோல் விரித்து, ராத்திரியில் மரத்துக்கு மரம் மிதந்து போகுமாம். பகலெல்லாம் மரத்தோடு ஒட்டிக்கொண்டு தூங்குமாம். இந்தக் காட்டுக்குப் பல தடவை வந்தவர்களுக்கே காணக் கிடைப்பது அபூர்வமாம். கழகத்தார் ஒவ்வொருவராக "ஆ!" என்றார்கள். தங்கராஜுவின் முகம் சின்னப் பிள்ளை முகமாக ஆகிவிட்டது.

ரத்தினம்மா பார்த்தாள். மரம் தெரிந்தது. பட்டை தெரிந்தது. பட்டைமேல் பாசி தெரிந்தது. வேறு ஒரு மண்ணும் தெரியவில்லை.

எங்கே என்று கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. அரைகுறை வெளிச்சக் கூடத்தில் சவுரியைக் கண்டுபிடிக்கிற கண், பூனை அளவு மிருகத்தைக் காணவில்லை என்றால் ஊர் சிரிக்காதா?

"ஆமா, ஆமா! என்னா அழகு!" என்றாள்.

கந்தப்பு அவள் பக்கம் திரும்பினார். "முகம் எந்தப் பக்கம் இருக்கு?"

"நம்ம பக்கந்தான். நம்மளத்தான் பாக்குது."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். காலிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தங்கராஜு முன்னால் போய்விட்டான்.

ரத்தினம்மாவும் பத்தடி போனாள். போக முடியவில்லை. அந்தப் பொய் சப்பாத்துக்குள் விழுந்த கல்லாக உறுத்தியது. இத்தனை பேர் கண்டது தனக்கு மட்டும் தெரியாமல் போவதா? அவ்வளவு லேசில் ரத்தினம்மாவை ஏமாற்றிவிட முடியுமா, அதுவும் ஒரு பூனை? திரும்பி வந்து மரத்தின் எதிரே இடுப்பில் கைவைத்து நின்றாள். வலப்பக்கம் போய்ப் பார்த்தாள். இடப்பக்கம் வந்து பார்த்தாள். எறும்பு கடித்தது. பேச்சுக்குரல்கள் தேய்ந்து, காடு முழுக்கப் பூச்சிச் சத்தம் மட்டும் மிஞ்சியது. கடைசிப் புலியின் ஞாபகம் வந்தது. பயமாகத்தான் இருந்தது. இருந்தும் அசையவில்லை.

"எங்கதான் இருக்க, சனியனே?" என்று மரத்தைக் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியேல்ல எண்டு எனக்குத் தெரியும்."

ரத்தினம்மா துள்ளிவிட்டாள். பின்னால் குணவதி நின்றாள். ஆளைக் காணோம் என்று தேடி வந்திருக்கிறாள். பிடிபட்ட முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று ரத்தினம்மாவுக்குத் தெரியவில்லை. சமாளிக்க நாலு வார்த்தை நாக்குவரைக்கும் வந்தது. என்ன தோன்றியதோ, விழுங்கிவிட்டாள்.

"ஆமாம்மா. காணல. பொய் சொல்லிட்டேன்."

குணவதி சிரிக்கவில்லை. பக்கத்தில் ஒரு வேரில் உட்கார்ந்து, அவளுக்கும் இடம் விட்டாள்.

"காலைத் தேடாதேங்கோ, வாலைத் தேடாதேங்கோ. மரத்தையே பாருங்கோ. மரம் எந்த இடத்தில மரமாட்டம் இல்லை எண்டு பாருங்கோ."

அதாவது மரத்தில் குறை கண்டுபிடிக்கச் சொல்கிறாள். அது ரத்தினம்மாவுக்குச் சொல்லியா தரவேண்டும்? அடியிலிருந்து தொடங்கினாள். வேர் சரி. அதற்குமேல் வெடிப்பு, சரி. அதற்கும்மேல் பாசி, சரி. இன்னும் மேலே, பட்டை ஒரு முழத்துக்குச் சற்றுப் பருத்திருந்தது. அங்கே பாசியின் நிறம் ஒரு மாற்றுக் குறைவு. அந்தப் பாசிக்கு மயிர் இருந்தது. மயிரைத் தொடர்ந்து போனால் ஒரு காது. காதுக்குப் பக்கத்தில், உருண்டையாக, ஈரமாக, ஒரு கண். அந்தக் கண் இவளைப் பார்க்கவே இல்லை. முகம் மரத்தோடு ஒட்டி, வேறெங்கோ திரும்பியிருந்தது.

"யம்மா!" என்றாள் ரத்தினம்மா.

அப்போது அந்தத் தோல்விரிப்பு லேசாக அசைந்தது. அதன் அடியிலிருந்து இன்னொரு முகம், எலுமிச்சம்பழ அளவில், வெளியே எட்டிப் பார்த்தது.

"புள்ள! முந்தானைக்குள்ள புள்ள வச்சிருக்குதுடி!"

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புருஷன் போனபோது தங்கராஜு கைக்குழந்தை. மில்லின் இரைச்சலில் வேறெங்கே படுக்கப்போட்டாலும் வீரிடுவான். முந்தானையில் சுற்றி இடுப்போடு கட்டிக்கொண்டு மாவு சலித்தால்தான் தூங்குவான். கேட்காமலே இதையெல்லாம் குணவதியிடம் சொன்னாள். மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். பிள்ளை தும்மினால் மஞ்சள் தும்மும் என்றபோது இருவரும் சிரித்தார்கள்.

"இது எப்ப புள்ளய விடும்?"

"பெருத்தாப் பிறகும் கொஞ்ச நாளைக்கு விடாதெண்டு மாமா சொல்லுறவர்."

"நல்ல புத்தியுள்ள மிருகம்" என்றாள் ரத்தினம்மா.

எழுந்திருக்கும்போது குணவதி கை கொடுத்தாள். அந்தக் கையைக் கடைசிவரைக்கும் ரத்தினம்மா விடவில்லை. சிலுவார் இருந்தால் இருக்கட்டும், ஏறுகிற மலைக்கு அதுதான் வசதி. பரிமாறாவிட்டால் போகட்டும், பரிமாறத்தான் தான் இருக்கிறாளே. ஒரு பொய்யைப் பிடித்தும் ஊரைக் கூட்டாமல் பக்கத்தில் வந்து உட்காருகிற பெண் எத்தனை வீட்டில் கிடைக்கும்? அடிவாரம் வருவதற்குள் அவள் மனசுக்குள் தேதி பார்த்து, மண்டபம் பேசி, சமையலுக்கு எத்தனை கட்டி மஞ்சள் என்பதுவரைக்கும் போய்விட்டாள்.

பஸ் ரோட்டுக்கு வந்ததும் புடவையை உதறி, தொண்டையைச் செருமிக்கொண்டாள். சம்மதம் சொல்வது மாப்பிள்ளை வீட்டாரின் உரிமை. அதை ஒழுங்காகச் சொல்ல வேண்டாமா? வாயைத் திறந்தாள்.

கந்தப்பு முந்திக்கொண்டார். தொப்பியைக் கழற்றிக் கைகூப்பினார்.

"வந்தது சந்தோசம் அம்மா. நாங்கள் வீட்ட போய்க் கலந்து கதைச்சுப்போட்டுச் சொல்லி அனுப்புறம்."

சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்க நிறுத்தத்துக்குப் போய்விட்டார். குணவதியும் தயங்கியபடி அவர் பின்னால் போனாள்.

ரத்தினம்மா திறந்த வாயோடு நின்றாள். முழங்கால் நோகுதோ, கோவம் வருமோ, ஆர் சமைச்சது, பாட்டுப் படிப்பீங்களோ. எல்லாக் கேள்விகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அத்தனையும் அவள் கேட்கிற கேள்விகள். காலையிலிருந்து பார்க்கப்பட்டது தான்தான்!

சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எத்தனை வீட்டு வாசலில், வெற்றிலை போட்ட வாயோடு, அவளே சொல்லியிருக்கிறாள். சொல்லி அனுப்பியதே இல்லை. அந்த வீடுகளில் எத்தனை நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ, ஒருநாளும் அவள் நினைத்துப் பார்த்ததில்லை. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்ணின் கண்கூட இப்போது ஞாபகம் வந்தது. பெயர் மறந்துபோயிருந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. தங்கராஜு கொஞ்ச தூரத்தில் கழகத்துப் பையன்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைத் தானே கெடுத்துவிட்டோமோ?

எதிர்ப்பக்கம் பஸ் ஒன்று தூரத்தில் வந்துகொண்டிருந்தது. ரத்தினம்மா இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. பட்டுக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சப்பாத்து தெரிய, ரோட்டின் குறுக்கே ஓடினாள். ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துச் சீன பாஷையில் திட்டினான்.

"ஐயா, சொல்லி அனுப்புறதெல்லாம் வேணாம். அந்தப் பேச்சு எனக்கு நல்லாத் தெரியும்யா. எங்கிட்ட என்ன கொற? இங்கயே சொல்லிருங்க. இல்லன்னா இல்லன்னே சொல்லிருங்க. காத்துக்கிட்டு இருக்க என்னால முடியாது."

கந்தப்பு மருமகளைப் பார்த்தார்.

"காணாததைக் கண்டன் எண்டு சொன்னீங்கள்" என்றாள் குணவதி. "அதால மாமா அங்கயே வேண்டாம் எண்டவர். பிறகு எல்லாரும் போனாப் பிறகு, தனிய, பயந்து பயந்து நிண்டு தேடினீங்கள். கேட்டவுடன உண்மையைச் சொன்னீங்கள். அதால இப்ப ரோட்டைக் கடக்கேக்க நான் மாமாவிட்ட ஓம் எண்டனான்."

"அப்ப?"

"அப்ப என்ன? கட்டப்போறது நான்தானே."

"எண்டாலும் ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லி அனுப்புறதுதானே மரியாதை" என்று கந்தப்பு முணுமுணுத்தார். அவர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்தது. "வறுவல் நல்லாயிருந்தது. உண்மையாத்தான் சொல்லுறன்."

பஸ் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. ரத்தினம்மா ரோட்டைத் திரும்பக் கடந்தாள். இந்தத் தடவை இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்தாள்.

ஊர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் தங்கராஜு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கால்வாய் கூடவே ஓடியது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததை அவன் மெல்லக் கேட்டான்.

"அம்மா, பொண்ணு எப்படி? புடிச்சிருக்கா?"

"அட அத விடுடா" என்றாள் ரத்தினம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என்னை அவங்களுக்குப் புடிச்சிருச்சாம்டா!"